பாட்டு உங்கள் வாயில்தான் இருக்கிறது

(தோட்டப் பெற்றோர் கூட்டம் ஒன்றில், கல்முனைப் பக்கத்து ஆசிரியை ஒருவர் பேசியது)

 

கொழுந்து நிறுத்துவிட்டு, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு இந்தக் குளிரில் வந்திருக்கிறீங்க. அதனாலே நீட்டிப் பேச மாட்டேன்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு தாய் என்னிடம் கேட்டா: "டீச்சர், எனக்கு எழுத்தே தெரியாது. நான் பிள்ளைக்கு என்னத்தக் கவிதை சொல்லிக் குடுக்க?" நல்ல கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன்.

எங்கள் கரையில் 'கவி' என்றால் புத்தகம் இல்லை. வயல் காவலுக்குப் பரணில் இருந்தவரும், இரவிலே மாட்டுவண்டி ஓட்டினவரும் வாயாலே கட்டிப் பாடின நாலு வரிதான் கவி. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களும் கட்டினார்கள். தொட்டிலை ஆட்டிப் பாடினால் அது ராராட்டு. நீங்கள் தாலாட்டு என்பீர்கள். பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும் நொடி போடுவார்கள், அதாவது விடுகதை. உம்மும்மா சொன்னதை உம்மா கேட்டா, உம்மா சொன்னதைப் பிள்ளை கேட்டுது. இதையெல்லாம் ஊர் ஊராய்க் கேட்டு எழுதிப் புத்தகமாக்கியவர் நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான். எழுதத் தெரிந்தவர் போய்க் கேட்டது எழுதத் தெரியாதவர்களிடம்தான் என்பதைக் கவனியுங்கள்.

மருதமுனையில் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் இருந்தார். அவர் மகன் ஜின்னாஹ் ஷரிபுத்தீன் வைத்தியர், ஆனால் காவியங்களும் எழுதினார். எல்லா வீட்டிலும் புலவர் பிறக்கத் தேவையில்லை. பிள்ளை பாட்டைக் கேட்டு வளர்ந்தால் போதும். ஒரே ஓசையில் முடிகிற சொற்களைக் கேட்டுப் பழகின காது, பிறகு எழுத்துக் கூட்டி வாசிக்கும்போது சிரமப்படுவது குறைவு. இதை வகுப்பிலே நான் கண்ணாலே காண்கிறேன்.

ஒன்று மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் கவிகளிலே பெரும்பகுதி மச்சானும் மச்சியும் பேசுகிற காதல். அதனாலே பெரியவர்கள் வெட்கப்பட்டு மொத்தத்தையும் ஒளித்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஆகாததை விடுங்கள், சரி. ராராட்டும் நொடியும் என்ன பாவம் செய்தது?

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. இலங்கையிலேயே அதிகம் பேர் இறந்தது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்க அழிந்தது. வீட்டைத் திரும்பக் கட்டினோம். அன்றைக்குப் போன கிழவிமாரோடு போன பாட்டை எங்கே தேடுவது? பேரப்பிள்ளைக்குச் சொல்லியிருந்தவருடையது மட்டும் மிஞ்சியது.

உங்களுக்கும் இது புதுசு இல்லை. 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை, லயங்களில் பாடின பாட்டுகளைச் சேர்த்துப் புத்தகம் போட்டார். அவர் 1984இல் காலமானார். அதற்குப் பிறகு உங்கள் அம்மாயி, அப்பாயி பாடினதை யார் எழுதினார்கள்?

வீட்டிலே செய்வது லேசு. ரொட்டி தட்டும்போது, தலை வாரும்போது, படுக்கப் போட்டுத் தட்டும்போது ஒரு பாட்டு. அதே பாட்டை ஒரு கிழமைக்குச் சொல்லுங்கள், பிள்ளைக்கு அலுக்காது, எங்களுக்குத்தான் அலுக்கும். பிறகு கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பிள்ளை தானாக அதை நிரப்பும். பிழையாய்ச் சொன்னால் சிரியுங்கள், குட்ட வேண்டாம். மனப்பாடம் கேட்டு அடிக்கிற வேலையைப் பள்ளிக்கூடமும் செய்யக்கூடாது, வீடும் செய்யக்கூடாது. தகப்பன்மாரே, இது பொம்பிளை வேலை என்று தள்ளாதீங்க. எங்கள் பக்கம் பரணிலே கவி பாடினது ஆம்பிளைகள்தான்.

பள்ளிக்கூடம் போகிற மூத்த பிள்ளை இருந்தால், பாட்டி சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதட்டும். கும்மி, தாலாட்டு, காமன் கூத்துப் பாட்டு, எதுவானாலும் சரி. நான் பத்துக் கொப்பி கொண்டுவந்திருக்கிறேன். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டுத் தெரிந்த மூத்தவர்கள் எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போங்கள்.