பல்லின் நிழலும் ஒரு கையின் விலையும்



பல்வலி அறியாதவர் இச்சபையில் ஒருவரேனும் உண்டோ? வலியென்று சென்றால், பல்வைத்தியர் சிறிய தகடொன்றை வாயினுள் வைத்துக் கண்ணிமைப் பொழுதிற் படம் எடுத்துவிடுகின்றார். அப்படத்திற்கு மனிதர் கொடுத்த விலை யாது என்பதையே இன்று நாம் சிந்திக்க விழைகின்றோம்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் திகதி, ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் சர்வகலாசாலையிற் பேராசிரியர் றொன்ற்கன் கண்ணுக்குப் புலனாகாத கதிரொன்றைக் கண்டார். அதன் இயல்பு விளங்காமையால் ‘எக்ஸ்’ என்றே பெயரிட்டார். அக்கதிர் தசையை எளிதிற் கடக்கும். சுண்ணச் சத்து நிறைந்த பல்லும் எலும்பும் அதனைத் தடுக்கும். ஆகவே படத்திற் பல் வெண்மையாகவும், சத்திழந்த சூத்தை கருமையாகவும் தோன்றும்.

செய்தி வெளிவந்து சில வாரங்களுள், 1896 ஜனவரியில், ஒற்றோ வால்கொவ் என்னும் ஜேர்மன் பல்வைத்தியர் கறுப்புத் தாளிலும் றப்பரிலும் பொதிந்த கண்ணாடித் தட்டைத் தம் வாயில் வைத்து, 25 நிமிடம் அசையாதிருந்து, தம் பற்களைப் படம் எடுப்பித்தார்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரத்துப் பல்வைத்தியர் எட்மண்ட் கெல்ஸ் இத்துறையில் இறங்கினார். அக்காலக் கதிர்க்குழாய்கள் நிலையாக வேலைசெய்வதில்லை. ஆதலால் அவர் தம் கையையே குழாயின் முன் நீட்டி, எலும்புகள் தெளிவாகத் தெரியும்வரை அதனைச் சரிப்படுத்துவார். கதிர் சுடவில்லை, நோவும் தரவில்லை. ஆண்டுகள் சென்றபின் விரல்களிற் புற்றுநோய் கண்டது. சத்திரசிகிச்சைகள் பல நடந்தன. முதலில் விரல்கள் போயின. பின்னர்க் கையும் போயிற்று. தீராத வேதனையோடு 1928இல் அவர் வாழ்வு முடிந்தது.

முன்னரே எச்சரித்தவர் எவரும் இலரோ? இருந்தார். பொஸ்ரன் நகரத்துப் பல்வைத்தியர் வில்லியம் றொலின்ஸ் 1901இல் கினிப்பன்றிகள்மீது இக்கதிரைச் செலுத்தி, அது உயிரையே போக்கவல்லது என்று காட்டினார். குழாயைக் கதிர் புகாத கூட்டினுள் அடையுங்கள். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணியுங்கள். வேண்டிய இடத்தில் மாத்திரம் கதிர் படச் செய்யுங்கள் என்றார். அன்று கேட்டோர் மிகச் சிலர். புதுமையின் ஒளி கண்ணைக் கூசச் செய்தபோது எச்சரிக்கை காதில் ஏறவில்லை.

1913இல் வில்லியம் கூலிட்ஜ் செய்த குழாயினால், கதிரை அளவாகச் செலுத்தும் வழி பிறந்தது. கையை நீட்டிச் சோதிக்கும் தேவை ஒழிந்தது. 1980களிற் பிரான்சு நாட்டிலே பிலிமுக்குப் பதிலாக மின்னணுத் தகடு வந்தது. 25 நிமிடம் இன்று ஒரு செக்கனின் சிறு கூறாயிற்று. கதிரைப் பல்லளவுக்கு ஒடுக்கும் முறை அத்துணை வளர்ந்தமையால், பற்படத்திற்கு ஈயப் போர்வை இனி வேண்டியதில்லை என 2024இல் அமெரிக்கப் பல்வைத்தியச் சங்கம் கூறிற்று. வேண்டிய இடத்தில் மாத்திரம் என்ற றொலின்ஸின் சொல்லன்றோ ஈற்றில் வென்றது!

அன்பர்களே, பற்படத்திற்கு நாம் அஞ்ச வேண்டுவதில்லை. தேவையின்றி அதனை நாடவும் வேண்டுவதில்லை. படம் எதற்கென்று வைத்தியரிடம் பணிவுடன் கேட்பது குற்றமாகாது. புதிய கருவி எதுவாயினும், அதனைப் புகழ்வோர் சொல்லோடு எச்சரிப்போர் சொல்லையும் நாம் கேட்போமாக. எச்சரிப்பவன் அறிவுக்குப் பகைவன் அல்லன், அதன் காவலன். கெல்ஸ் இழந்த கை நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.