பாவனைப் பறப்பும் உண்மைப் பறப்பும்

அமெரிக்காவிலே, நியூ யோர்க் மாநிலத்துப் பிங்ஹம்ரன் நகரில், எட்வின் லிங்க் என்பார் வாழ்ந்தார். அவருடைய தந்தையார் ஓர்கன், பியானோ முதலிய இசைக்கருவிகளைச் செய்யும் தொழிற்சாலையொன்றை நடத்தியவர். ஓர்கனுக்குக் காற்றூட்டும் துருத்திகளையே கொண்டு, 1929ஆம் ஆண்டளவில் லிங்க் ஒரு சிறு விமானப் பெட்டியை அமைத்தார். உள்ளே அமர்ந்து பிடியை அசைத்தால் பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். முதலில் அது களியாட்டிடங்களில் விளையாட்டுப் பொருளாகவே விலைபோயிற்று. 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகள் தபால் சுமக்கும் பணியை மேற்கொண்டு, கொடிய வானிலையிற் சிக்கிப் பலர் மடிந்த பின்னரே அதன் பெறுமதி புலனாயிற்று. அவ்வாண்டே இராணுவம் அத்தகைய பெட்டிகள் ஆறினை வாங்கிற்று.

வெளியே எதுவும் தெரியாத வேளையிற் கருவிகளைப் பார்த்தே பறப்பதற்கு லிங்கின் பெட்டி நன்கு பழக்கிற்று. ஆனால் காற்று விமானத்தை எவ்வாறு தாங்குகின்றது என்பதை அப்பெட்டி அறியாது. இன்று 'சிமுலேற்றர்' என வழங்கும் பாவனைப் பொறியோ அதனையும் அறிந்தது போல நடிக்கின்றது. அந்த நடிப்பு எவ்வளவு உண்மையானது என்பதே கேள்வி.

விமானம் மூன்று திசைகளில் நகரும்; மூன்று அச்சுகளிற் சுழலும். இவ்வியக்கத்துக்குரிய சமன்பாடுகளை பிரயன் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1911இலேயே நூலாக வெளியிட்டார். சமன்பாடுகள் எல்லா விமானங்களுக்கும் பொதுவானவை. ஒரு விமானத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுத்துவன, சோதனைக் கூடத்திலும் சோதனைப் பறப்பிலும் அளந்து பெற்ற எண்களே. அவ்வெண்களின் அட்டவணையைக் கணினி செக்கனுக்குப் பல தடவை நோக்கி, அடுத்த அசைவைத் தீர்மானிக்கின்றது.

அளந்த எல்லைக்குள் இது பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆனால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் ஏறத்தாழ 15 பாகையைக் கடந்ததும் தூக்குவிசை குலைகின்றது. காற்று சுழிசுழியாகப் பிரிகின்றது. ஓர் இறக்கை மற்றையதற்கு முந்தி விழுகின்றது. அங்கே அளவெடுத்தல் அரிது, ஆபத்தும் உடையது. பயணிகள் விமானம் அவ்வெல்லையை அணுகுவதில்லை. போர் விமானமோ அதன் ஓரத்தில் நின்றே பொருதுகின்றது.

1942 ஜூன் 23ஆம் திகதி, ஆர்மின் பாபர் என்னும் ஜேர்மன் விமானி திசை மயங்கி, வேல்ஸிலுள்ள பெம்பிரே தளத்தில் தமது பொக்கே-வுல்ப் 190 விமானத்தை இறக்கிவிட்டார். பிரித்தானியர் அதனைத் தமது ஐந்தாம் வகை ஸ்பிற்பயருடன் ஒப்பிட்டுச் சோதித்தனர். வேகத்திலும் பக்கவாட்டில் உருளுவதிலும் ஜேர்மன் விமானமே விஞ்சிற்று. சிறு வட்டத்திற் திரும்புவதில் ஸ்பிற்பயர் விஞ்சிற்று. பழைய போர் விமானங்களைக் கணினியில் மீட்டெடுப்போருக்கு இத்தகைய சோதனை அறிக்கைகள் பெருந்துணை. எனினும் சுமந்த எரிபொருள், இயந்திரத்தின் நிலை, பறந்த உயரம் என்பவற்றில் ஒன்று மாறினும் எண்கள் மாறும். ஆதலால் ஒரு பாவனை அமைப்பில் வெல்லும் விமானம் வேறொன்றில் தோற்பது வியப்பன்று.

விளையாட்டில் இப்பிழையால் வருவது ஒரு வாக்குவாதம் மட்டுமே. பயிற்சியில் அவ்வாறன்று. 2001 நவம்பர் 12ஆம் திகதி, அமெரிக்கன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் 587ஆம் இலக்க விமானம் நியூ யோர்க்கிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில், முன்சென்ற விமானம் எழுப்பிய சுழற்காற்றைச் சந்தித்தது. துணை விமானி வாற்சுக்கானை இருபுறமும் மாறி மாறி மிதித்தார். வாலின் செங்குத்துப் பகுதி முறிந்தது. தரையில் இருந்த ஐவர் உட்பட 265 பேர் மாண்டனர். தேவைக்கு மிஞ்சிய அம்மிதிப்பே முதற்காரணம் என விசாரணையாளர் 2004இல் முடிவு செய்தனர். சுக்கானின் அமைப்பும் நிறுவனத்தின் பயிற்சி முறையின் சில அம்சங்களும் துணைக் காரணங்கள் என்றனர். அப்பயிற்சியில், விமானம் பெரிதும் சாயவேண்டும் என்பதற்காக, பாவனைப் பொறியின் கட்டுப்பாடுகள் சிறிது நேரம் பயன்தராதவாறு செய்யப்பட்டிருந்தன. சுழற்காற்றின் வலிமையைப் பற்றி மிகைப்பட்ட எண்ணத்தை அது துணை விமானிக்கு ஊட்டியிருக்கலாம் என்பதும் விசாரணையிற் கண்ட முடிவு.

பாடத்தைக் கடினமாக்கும் நன்னோக்கத்துடனேயே அப்பொறி மாற்றப்பட்டது. ஆயினும் மாணவனின் கையும் காலும் நோக்கத்தைக் கற்பதில்லை. பொறி காட்டியதையே கற்கின்றன. அளந்தறிந்த பகுதி எது, ஊகித்து நிரப்பிய பகுதி எது என்பதை முன்னரே எடுத்துரைப்பது பயிற்றுநரின் கடமை. அதனை அறிந்து வானேறும் விமானிக்கே பாவனைப் பொறி உற்ற துணையாகும்.