ஐவர் கூடிய இசை

ஓர் இசைமரபு யாருக்கு உரியது? அதைத் தோற்றுவித்தவருக்கா, அதைக் கற்று வளர்ப்பவருக்கா? இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்கு அமெரிக்க நாட்டு இளைஞர் ஐவரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும்.

கென்டகி மாநிலத்திற்குப் 'புளூகிராஸ் மாநிலம்' என்பது பட்டப்பெயர். அங்கே வளரும் ஒருவகைப் புல்லால் வந்த பெயர் அது. அம்மாநிலத்தில் பிறந்த பில் மன்ரோ தம் குழுவுக்குப் 'புளூகிராஸ் பாய்ஸ்' என்று பெயர் சூட்டினார். 1950களில் அக்குழுவின் பெயரே ஓர் இசைவகைக்குப் பெயராயிற்று. அவ்விசை முழுவடிவம் பெற்றது 1940களின் நடுப்பகுதியில், நாஷ்வில் நகரத்து வானொலி மேடையில் ஐவர் ஒன்றுகூடியபோது. அவர்களுள் முப்பத்தைந்து வயதை எட்டியவர் ஒருவரும் இல்லை.

முதலில் மன்ரோவைப் பார்ப்போம். 1911இல் ரோசின் என்னும் சிற்றூரில், எட்டு மக்களுள் கடைக்குட்டியாகப் பிறந்தார். பிடிலையும் கிதாரையும் அண்ணன்மார் எடுத்துக்கொண்டனர், எஞ்சியது மாண்டலின். அதிலும், ஓசை மிகுந்துவிடும் என்று அஞ்சி, எட்டுத் தந்திகளில் நான்கை நீக்கிவிட்டு வாசிக்கச் சொன்னார்களாம்! இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்த அவருக்குப் புகலிடம் அளித்தவர் தாய்மாமன் பென் வாண்டிவர். கால் ஊனமுற்ற அம்மாமன் ஊரார் நடனங்களுக்குப் பிடில் வாசிப்பார்; மருமகன் உடன் சென்று கிதார் வாசிப்பான். இன்னோர் ஆசானும் அவருக்கு வாய்த்தார். அவர் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞர், சுரங்கத் தொழிலாளி. 'புளூஸ்' என்னும் சோக இசையின் சாயலை மன்ரோ அவரிடம் பெற்றார்.

கிதார் வாசித்துப் பாடியவர் லெஸ்டர் பிளாட். டென்னஸியில் பிறந்து நெசவாலைகளில் உழைத்தவர். பிடில் வாசித்த சப்பி வைஸ், புளோரிடாவில் வாடகை மோட்டார் ஓட்டியவர். பெரிய 'பாஸ்' வாத்தியத்தை ஏந்திய ஹவர்டு வாட்ஸும் புளோரிடாக்காரரே. மேடையில் விகடமும் செய்வார்.

ஐவரிலும் இளையவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். குழுவில் சேர்ந்தபோது வயது 21. வட கரோலினாவின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, நான்கு வயதில் தந்தையை இழந்து, போர்க்காலத்தில் நூலாலையில் வேலை பார்த்தார். அவர் வாத்தியம் பாஞ்சோ. அது ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்களின் மரபில் தோன்றியது. அக்காலத்தில் நகைச்சுவைக் காட்சிகளுக்கே பெரும்பாலும் அது பயன்பட்டது. ஸ்க்ரக்ஸோ கட்டைவிரலும் இரு விரல்களுமாக மூன்று விரல்களால் மீட்டி, அருவிபோல் ஸ்வரங்களைப் பொழிந்தார். மூன்று விரல் முறை அவர் வட்டாரத்தில் முன்பே இருந்ததுதான். அதற்கு வேகமும் ஒழுங்கும் தந்தது அவர் பெருமை.

இவர்கள் இசைத்த முறையைக் கவனியுங்கள். பாஸ் தாளத்தை நிலைநிறுத்தும். மாண்டலின் இடைத்தட்டை வெட்டிக் காட்டும். கிதார் பாட்டைத் தாங்கிச் செல்லும். பிடிலும் பாஞ்சோவும் முறை வைத்து முன்வந்து தம் திறத்தைக் காட்டிப் பின்வாங்கும். ஒருவர் முன்வரும்போது மற்றவர் அடங்குவர். இவற்றுக்கெல்லாம் மேலே மன்ரோவின் உச்சக் குரல் ஒலிக்கும். 1946 செப்டம்பரில் சிகாகோவில் கொலம்பியா நிறுவனத்திற்காக இவர்கள் பதிவுசெய்த இசைத்தட்டுகளை இன்றும் இளைஞர்கள் பாடமாகக் கேட்கின்றனர்.

கூட்டு நீடிக்கவில்லை. 1948இல் பிளாட்டும் ஸ்க்ரக்ஸும் விலகித் தனிக்குழு அமைத்துப் பெரும்புகழ் எய்தினர். மன்ரோ மனம் புண்பட்டார். தம் பாணியில் பாடிய ஸ்டான்லி சகோதரர்களைக் கொலம்பியா சேர்த்துக்கொண்டபோது, அந்நிறுவனத்தையே விட்டு விலகினார். தாம் அரும்பாடுபட்டு உருவாக்கியதைப் பிறர் கவர்ந்துகொள்வதாகவே அவர் எண்ணினார்.

அவர் வருத்தத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அவர் பெற்றதும் பிறரிடமிருந்து அன்றோ? மாமனுக்கு ஒரு பாட்டால் நன்றி செலுத்தினார். 1950இல் பதிவான அப்பாட்டு மாமன் பெயரை நிலைநிறுத்தியது. ஷுல்ட்ஸோ ஓர் இசைத்தட்டும் விட்டுச்செல்லாமல் 1931இலேயே மறைந்தார். அவருடைய இசையை நாம் கேட்க முடியாது. மாணவரின் விரல்வழியே சிறிது உணரலாம், அவ்வளவே. கற்றவர் எடுத்துச் செல்லாதிருந்தால் அதுவும் எஞ்சியிராது.

காலம் மன்ரோவையும் கனிவித்தது. 1971இல் இண்டியானா மாநிலத்தில் அவர் நடத்திய இசைவிழாவிற்குப் பிளாட் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் பேசாதிருந்தவர்கள் ஒரே மேடையில் சேர்ந்து பாடினர். 1996இல் மன்ரோ மறைந்தபோது, எத்தனையோ நாடுகளில் அவ்விசை வாழ்ந்துகொண்டிருந்தது. அவரைவிட்டுப் பிரிந்து சென்றவர்களும் அதைப் பரப்பியவர்களே.

மாணவர்களே, கலை பங்கிட்டுக் கொள்ளும் நிலமன்று; கொடுக்கக் கொடுக்கப் பெருகும் செல்வம். கற்பவர்க்கு அதில் ஒரு கடன் மட்டும் உண்டு. யாரிடம் கற்றோம் என்பதை மறவாமல் சொல்வதே அக்கடன்.