அடி மடியாத வெண்பா
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் யாப்பைப் பற்றியோ புதுக்கவிதையின் போக்கைப் பற்றியோ நான் பேசுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்ட பொருள் படவில்லை. கருத்தரங்குகளில் திரையில் ஒளிரும் 'ஸ்லைடு'. அதனை அச்சுக்கோப்புக் கருவி ஒன்றின் துணைகொண்டு எளிமையாக அமைப்பதைப் பற்றிச் சொல்ல வந்துள்ளேன். கவிஞர்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். தொடர்பு உண்டு. அதை நான் ஒரு தலைகுனிவின் வழியாகவே கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கருத்தரங்கில் நேரிசை வெண்பாவின் அமைப்பை விளக்கச் சென்றேன். வீட்டுக் கணினியில் அழகாக நின்ற என் படவில்லைகள் அரங்கின் கணினியில் உருக்குலைந்தன. நான் கையாண்ட எழுத்துரு அங்கே இல்லை. வேறோர் எழுத்துரு அதன் இடத்தில் வந்து அமர்ந்தது, எழுத்துகள் அகன்றன, முதல் மூன்றடிகளின் கடைசிச் சீர்கள் கீழ்வரிக்கு இறங்கின. முச்சீர் உடைய ஈற்றடி மட்டும் தப்பியது. நான்கடி வெண்பா ஏழு வரிகளாகத் தொங்கியது. இரண்டாம் அடியின் இறுதியில் நிற்கவேண்டிய தனிச்சொல், உண்மையாகவே தனித்து நின்றது! "அம்மா, இது வெண்பாவா, வசனகவிதையா?" என்று முன்வரிசை மாணவர் ஒருவர் கேட்டார். அவை சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கவிஞன் அளந்து வைத்த அடியை ஓர் இயந்திரம் தன் வசதிக்கு மடித்ததும், அதை நான் அவையில் காட்டியதும் நெஞ்சை உறுத்தின.

இதே உறுத்தல் ஒரு கணினி அறிஞரையும் ஆட்டியிருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத், 1977ஆம் ஆண்டில் தம் நூலொன்றின் மறுபதிப்புக்கான அச்சுப்படியைக் கண்டார். ஈய எழுத்தில் அழகாக வந்த முதற்பதிப்பின் சாயல் புதிய ஒளியச்சில் இல்லை. மனம் வருந்தியவர், நூலை ஒதுக்கிவைத்துவிட்டு, அச்சுக்கோப்புக்கென ஒரு நிரலையே எழுதத் தொடங்கினார். விரைவில் முடியும் என்று அவர் எண்ணிய பணி ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்கு நீண்டது. அதுவே 'டெக்'. கலை, கைத்தொழில் என இருபொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். அதனை அவர் உலகுக்கு விலையின்றி அளித்தார். தம் நூல்களில் பிழை கண்டு சொல்வோர்க்கு, பிழை ஒன்றுக்கு 2.56 டாலர் பரிசும் அறிவித்தார். பிழை சொன்ன நக்கீரர்க்குக் கிடைத்தது என்ன என்பதை நாம் அறிவோம்!

கனூத்தின் கருவியைப் பலரும் எளிதில் கையாளுமாறு லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அமைத்தது 'லாடெக்'. அதன்மேல் படவில்லைகளுக்கென டில் டாண்டாவ் என்பவர் உருவாக்கியது 'பீமர்'. 2003இல் தம் முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வுக்காக அவர் அதனைத் தொடங்கினார் என்பது, அத்தேர்வின் நடுக்கத்தை அறிந்த எனக்கு மகிழ்ச்சியூட்டும் செய்தி.

அமைக்கும் முறை கடினமன்று. வெற்று உரைக்கோப்பு ஒன்றில், இது பீமர் வகை ஆவணம் என்று முதல் வரியில் அறிவிக்கவேண்டும். பின்னர் ஒவ்வொரு படவில்லையையும் 'சட்டகம் தொடக்கம்', 'சட்டகம் முடிவு' என்னும் இரு கட்டளைகளுக்கிடையே எழுதவேண்டும். தலைப்புக்கு ஒரு கட்டளை. அடி முடியுமிடத்தில் இரண்டு பின்சாய்கோடுகள். அவ்வளவே. பழைய அச்சகத்தில் கையெழுத்துப்படியின் ஓரத்தில் குறிப்பெழுதி அச்சுக்கோப்பவரிடம் தருவோமே, அதை ஒத்தது இது.

தமிழுக்கு மட்டும் இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, யூனிகோடு அறிந்த 'சீலாடெக்' போன்ற நிரல் வழியாகக் கோப்பை இயக்கவேண்டும். 'கொ' என்னும் எழுத்தில் கணினிக்குள் ககரம் முதலிலும் உயிர்க்குறி பின்னரும் பதிவாகின்றன. கண்ணுக்கோ கொம்பு முன்னே தோன்றவேண்டும். அந்த இடமாற்றத்தை அது தமிழ் எழுத்துருவின் துணையோடு செம்மையாகச் செய்கிறது. இரண்டாவது, பீமர் இயல்பாகக் கையாள்வது முனைக்கோடற்ற எழுத்துருவை. முதன்மை எழுத்துருவை மட்டும் தமிழாக்கினால் போதாது. முனைக்கோடற்ற எழுத்துருவின் இடத்திலும் தமிழ் எழுத்துருவின் பெயரைத் தரவேண்டும். இதை அறியாமல் ஒரு மாலை முழுவதும் தமிழே தோன்றாத படவில்லையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவில் கிடைப்பது 'பிடிஎஃப்' கோப்பு. எழுத்துரு அதனுள்ளேயே பொதிந்திருப்பதால், எந்த அரங்கிற்குச் சென்றாலும் வெண்பா நான்கடியாகவே நிற்கும். ஒன்றை மறைக்கலாகாது: அடி திரையின் அகலத்தை மீறினால் இக்கருவியும் மடிக்கவே செய்யும். ஆனால் அது நம் வீட்டிலேயே நம் கண்முன் நிகழும். எழுத்தைச் சிறிதாக்கித் திருத்திக்கொள்ளலாம். வழக்கமான சட்டகம் 128 மில்லிமீட்டர் அகலமும் 96 மில்லிமீட்டர் உயரமும் உடையது. நெடிய அடிகளுக்கு 160க்கு 90 என்னும் அகன்ற சட்டகமும் உண்டு.

கவிஞர்களே! உங்களுக்கென்றே அமைந்தது போன்ற ஒரு கட்டளை இதில் உள்ளது. அதன் பெயர் 'பாஸ்'. நிறுத்தம் என்று பொருள். அடிகளுக்கிடையே அதனை இட்டால் முதலடி மட்டும் தோன்றும். நாம் விசையை அழுத்திய பின்னரே அடுத்த அடி வரும். நான்கடிக்கு மூன்று நிறுத்தம் இட்டால், ஒரே சட்டகம் நான்கு பக்கங்களாக விரியும். கவியரங்கில் ஓரடியைச் சொல்லிவிட்டு அவையின் முகத்தைப் பார்த்து நிற்கிறீர்களே, அந்தக் கணத்தைத் திரையும் காத்துத் தருகிறது. முழுப்பாடலையும் ஒருசேரக் காட்டினால், நாம் முதலடியில் நிற்கும்போதே அவை ஈற்றடியைப் படித்து முடித்துவிடும்.

சென்ற பருவத்தில் அதே பாடத்தை என் வகுப்பில் மீண்டும் நடத்தினேன். அடி அடியாக வெண்பா தோன்றியது. மூன்றாம் அடியில் நான் நிறுத்தியபோது, ஈற்றடி எத்தனை சீரில் முடியும் என்று மாணவர்கள் தாமே சொன்னார்கள். வசனகவிதையா என்று எவரும் கேட்கவில்லை.

எழுதும்போது ஒரு சீருக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறோம். அதனைப் பிறர்முன் வைக்கும்போதும் சிறிது விழித்திருப்போம் என்பதே என் வேண்டுகோள்.