அரசாணையும் கருப்பையும்



மக்கள்தொகை குறையும்போது ஓர் அரசு அதை முதலில் கணக்காகவே காண்கிறது. நாளைக்கு உழைக்க எத்தனை கைகள் இருக்கும், முதியோரைத் தாங்கும் வரிப்பணம் எங்கிருந்து வரும் என்றே அது கேட்கிறது. அந்தக் கணக்கின் ஒவ்வோர் எண்ணும் ஒரு பெண்ணின் உடல்வழியாகவே வந்தாக வேண்டும் என்பதை மறந்த அரசு எத்தகைய விலையைத் தன் மக்கள்மீது சுமத்தும் என்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் ருமேனியாவைவிடத் தெளிவான சான்றை ஐரோப்பாவில் காண்பது அரிது.

1957 முதல் அந்நாட்டில் கருக்கலைப்பு சட்டப்படி எளிதாகக் கிடைத்தது. மாத்திரை போன்ற நவீனக் கருத்தடை முறைகள் ஏறக்குறைய இல்லாத நிலையில், பிள்ளைப்பேற்றை அளவோடு நிறுத்தக் குடும்பங்களுக்கு இருந்த முதன்மையான வழியும் அதுவே. 1965இல் ஒரு குழந்தை பிறந்த இடத்தில் ஏறத்தாழ நான்கு கருக்கள் கலைக்கப்பட்டன. மொத்தக் கருவள வீதம், அதாவது ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாகப் பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, 1.9 ஆக இறங்கியது. ஒரு தலைமுறை தன் இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ள அது 2.1 அளவில் இருக்க வேண்டும். இதைக் கண்டு அஞ்சிய, நாட்டின் ஆட்சித் தலைவர் நிக்கோலே சௌசெஸ்குவின் அரசு, 1966இல் 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்து, நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர், நான்கு பிள்ளைகளை உடையோர், உயிராபத்தில் இருப்போர் முதலிய சிலரைத் தவிர மற்ற அனைவருக்கும் கருக்கலைப்பைத் தடை செய்தது. 1966இல் சுமார் 2,74,000 ஆக இருந்த பிறப்புகள் மறு ஆண்டே சுமார் 5,28,000 ஆயின.

ஆட்சியாளர்கள் அதை வெற்றியெனக் கருதினர். ஆனால் மக்கள் வேறு வழிகளைத் தேடிக்கொண்டனர். 1983 அளவில் கருவள வீதம் ஏறக்குறையப் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. பிள்ளையற்றோருக்குத் தனி வரி விதித்தும், தொழிற்கூடங்களில் பெண்களுக்குக் கட்டாய மகப்பேறியல் பரிசோதனை நடத்திக் கருவுற்றோரைக் கண்காணித்தும் பிடியை இறுக்கிய அரசு, அதே காலத்தில் அந்தப் பெண்களின் அடுப்பைத்தான் அணைத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் கோடி டாலரைத் தாண்டிய வெளிநாட்டுக் கடனை முழுவதுமாக அடைத்துவிடத் தீர்மானித்து உணவுப்பொருள்களை ஏற்றுமதி செய்ததால், 1980களில் ரொட்டியும் எண்ணெயும் சர்க்கரையும் பங்கீட்டுக்குப் போயின. பனிக்காலத்தில் வீடுகளுக்கு வெப்பமும் மின்சாரமும் குறைக்கப்பட்டன. கைக்குழந்தைக்குப் பாலும் கதகதப்பும் கிடைக்குமா என்று அறியாத தாயிடம் இன்னும் ஒரு பிள்ளையைக் கேட்பது கொடுமையே அன்றி மக்கள்தொகைக் கொள்கை ஆகாது.

அதன் விளைவை அளப்பது பேறுகால இறப்பு வீதம். உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும், கருவுற்ற காலத்திலோ பிரசவத்திலோ அதையடுத்த ஆறு வாரங்களிலோ எத்தனை தாய்மார் அக்காரணத்தால் இறக்கின்றனர் என்பதை அது சொல்கிறது. 1989இல் ருமேனியாவில் அது ஏறத்தாழ 170 ஆக, ஐரோப்பாவிலேயே மிக உயர்ந்து நின்றது. அந்த இறப்புகளில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை மறைவாகச் செய்துகொண்ட பாதுகாப்பற்ற கருக்கலைப்பால் நேர்ந்தவை. குருதி வழிய மருத்துவமனைக்கு வந்த பெண்ணிடம், யார் செய்தது என்ற விசாரணை சிகிச்சைக்கு முன்னே நின்றது. தடை நீடித்த இருபத்துமூன்று ஆண்டுகளில் இவ்வாறு மாண்டோர் பதினாயிரம் பேர் அளவில் இருப்பர் என மதிப்பிடப்படுகிறது. வளர்க்க வழியின்றி அரசு இல்லங்களில் விடப்பட்ட பிள்ளைகளோ ஒரு லட்சத்தைத் தாண்டினர். சுத்தம் செய்யாத ஊசிகளாலும் பரிசோதிக்காத குருதியாலும் அவர்களில் ஆயிரக்கணக்கானோர் எச்.ஐ.வி. தொற்றுக்கு உள்ளாயினர்.

உலக மக்கள்தொகை மாநாடு 1974இல் கூடியது இதே ருமேனியாவின் தலைநகரான புக்காரெஸ்டில்தான். வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்னும் கருத்தை அங்கு முன்வைத்தவர் இந்தியத் தூதுக்குழுவின் தலைவர் கரண் சிங். அந்த இந்தியாவிலேயே, நெருக்கடிநிலையின்போது, 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அதில் வற்புறுத்தல் பரவலாக இருந்தது. ஒரு நாடு பெறு என்றது, மற்றொன்று பெறாதே என்றது. உடலுக்கு உரியவரின் ஒப்புதலை இரண்டுமே கேட்கவில்லை.

சௌசெஸ்கு வீழ்ந்ததும், 1989 டிசம்பர் 26 அன்று, புதிய அரசு தன் முதற்செயல்களுள் ஒன்றாக அந்தத் தடையை நீக்கியது. அடுத்த ஆண்டே பேறுகால இறப்பு வீதம் 83 ஆகச் சரிபாதிக்கு இறங்கியது. அந்த ஓராண்டில் நாட்டின் வறுமை தீரவில்லை, பொருளாதாரம் இன்னும் சரிந்தது. இருந்தும் அத்தனை தாய்மார் உயிர்பிழைத்தனர் என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆயினும் சட்டம் நீங்கியது மட்டும் இனப்பெருக்க நலம் ஆகிவிடாது. கருத்தடை பற்றிய அறிவும் சாதனமும் ஆலோசனையும் பாதுகாப்பான பிரசவமும் எல்லோருக்கும் எட்டும் நிலையே அச்சொல்லின் பொருள். அது எட்டாததால் 1990இல் சுமார் 3,15,000 பிறப்புகளுக்கு எதிராக 9,92,000 கருக்கலைப்புகள் நிகழ்ந்தன. குடும்பநலச் சேவை மெல்லப் பரவிய பிறகே, 2000களின் நடுப்பகுதியில், பிறப்புகளின் எண்ணிக்கை கருக்கலைப்புகளை மிஞ்சியது.

மக்கள்தொகை மட்டும் ஏறவில்லை. 1990இல் 2.3 கோடியாக இருந்த அது, 2021 கணக்கெடுப்பில் 1.9 கோடியாகக் குறைந்தது. பெண்கள் பெற்ற உரிமையே இதற்குக் காரணம் என்பாரும் உண்டு. அப்படிச் சொல்வோர் மூடப்பட்ட ஆலைகளையும், நிலையற்ற ஊதியத்தையும், வேலை தேடி மேற்கே சென்ற லட்சக்கணக்கானோரையும் கணக்கில் கொள்வதில்லை. பிள்ளை பெறும் வயதில் உள்ள ருமேனியப் பெண்கள் பலர் இத்தாலியின் வீடுகளில் அயலாரின் முதியோரைப் பராமரித்துக்கொண்டிருக்க, அவர்கள் முன்பே பெற்ற பிள்ளைகள் ருமேனியாவின் மால்டோவியப் பகுதிச் சிற்றூர்களில் பாட்டிமாரிடம் வளர்கின்றனர்.