வானிலிருந்து காணும் கடைமடை

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"செயற்கைக்கோள் படங்களும் பாசன நிலங்களும்" என்பது எங்களுக்கு அளிக்கப்பட்ட தலைப்பு. அழைப்பிதழைப் பார்த்த பெரியவர் ஒருவர், "கல்விச் சங்கத்து விழாவில் கோளைப் பற்றி என்ன பேச்சு? நமக்கும் அதற்கும் என்ன?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆகவே கோளிலிருந்து தொடங்காமல் ஏரிக்கரையிலிருந்தே தொடங்குகிறோம்.

ஏரியின் மதகைத் திறந்து, வாய்க்காலை மாற்றி, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்று கணக்குப் பார்த்து விட்டவருக்கு நீர்க்கட்டி என்று பெயர். தமிழகத்தின் பல ஊர்களில் அந்தப் பணி நம் மக்களிடமே இருந்தது. நள்ளிரவில் மண்வெட்டியும் விளக்குமாகப் போய் மடை திருப்பியவர்கள் நம் பாட்டன்மார்கள். எந்த வயல் மேடு, எந்த வயல் பள்ளம், எந்த வயலில் நீர் நிற்கும், எதில் நிற்காது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆயக்கட்டின் வரைபடம் முழுவதும் அவர்களுடைய கால்களில் இருந்தது. ஆனால் அந்த வரைபடத்தில் அவர்களுக்கென்று ஒரு பாத்தியும் இல்லை என்பதுதான் பல ஊர்களின் நிலைமை. நீரைப் பங்கிடும் வேலை நமக்கு, பங்கு பிறருக்கு.

இன்றும் அந்தக் கணக்கு வெகுவாக மாறிவிடவில்லை. 2011ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16ஆம் ஆண்டின் வேளாண்மைக் கணக்கெடுப்பில், நாட்டிலுள்ள சாகுபடிக் கைப்பற்றுகளில் அவர்களிடம் இருந்தவை ஏறத்தாழ 12 விழுக்காடு. பரப்பளவிலோ 9 விழுக்காட்டுக்கும் குறைவு. இருக்கின்ற அந்தச் சிறு நிலத்திற்கும் நீர் வருகிறதா என்பது அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் கருவியாகத்தான் வானத்துப் படத்தை நாம் பார்க்க வேண்டும்.

படம் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைச் சற்று விளக்கமாகவே கூறுகிறோம். பசுமையான இலை, சூரிய ஒளியிலுள்ள சிவப்பைத் தன் உணவுக்காக உறிஞ்சிக் கொள்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடுகிறது. காய்ந்த தரைக்கும் வெட்ட வெளிக்கும் இந்த வேறுபாடு அதிகமில்லை. கோளிலுள்ள கருவி இந்த இரண்டு ஒளிகளையும் தனித்தனியே அளக்கிறது. அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, அந்த எண்ணை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது பசுமைக் குறியீடு. துறையிலுள்ளவர்கள் இதை என்.டி.வி.ஐ. என்பார்கள். செழித்த நெல்வயலில் இந்த எண் ஒன்றை நோக்கி உயரும். வெறும் தரையில் சுழியை ஒட்டி நிற்கும். நீர்ப்பரப்பில் சுழிக்கும் கீழே போகும்.

பச்சை என்று கண்டுவிட்டால் பாசனம் என்று ஆகிவிடுமா? ஆகாது. மழையிலும் நிலம் பச்சையாகத்தான் இருக்கும். அதனால் ஒரு நாள் படம் போதாது. ஆண்டு முழுவதும் வரிசையாகப் படம் வேண்டும். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஏறக்குறைய முடிகிறது. மானாவாரி நிலத்தின் பசுமை அதன் பின் சில வாரங்களில் இறங்கிவிடும். மழை நின்ற பிறகும், பிப்ரவரியிலும் மார்ச்சிலும், ஏறுமுகமாகப் பசுமை தெரிகிற நிலத்திற்கு எங்கிருந்தோ நீர் வருகிறது. ஏரியோ, கால்வாயோ, கிணறோ. அதுதான் பாசன நிலம். மழைக்காலத்தில் மேகம் மறைக்கிறதே என்றால், அதற்கு ராடார் கோள்கள் உண்டு. நடவுக்கு நீர் கட்டிய வயல் ராடார் படத்தில் கறுத்துத் தெரியும். பயிர் தண்டு கட்ட வெளுத்துக்கொண்டே வரும். கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த முறையில் நெற்பரப்பைக் கணித்து, பயிர்க் காப்பீட்டுக்குத் துணைசெய்து வருகிறது.

இந்தக் கருவி நம் கைக்கு வந்த வரலாறு சுருக்கமானதுதான். 1972 ஜூலையில் அமெரிக்கா அனுப்பிய முதல் லேண்ட்சாட் கோளின் படத்தில் ஒரு புள்ளி, தரையில் சுமார் 80 மீட்டர் சதுரம். ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். அந்த ஒன்றரை ஏக்கருக்குள் அரை ஏக்கர்க்காரன் இருப்பது யாருக்குத் தெரியும்? நாம் படத்தில்கூடக் காணாமல் போனவர்கள். 1988 மார்ச்சில் நம் நாட்டின் ஐ.ஆர்.எஸ். 1-ஏ சோவியத் நாட்டு ஏவுதளத்திலிருந்து ஏறியது. 1980களில் வந்த லேண்ட்சாட் கோள்களில் ஒரு புள்ளி 30 மீட்டர், அதாவது 22 சென்ட் என்று சுருங்கிற்று. 2015இலும் 2017இலும் ஐரோப்பியர் அனுப்பிய சென்டினல்-2 கோள்களில் அது 10 மீட்டர். இரண்டரை சென்டுக்கும் சற்றுக் குறைவு. ஐந்து நாளுக்கொரு முறை அதே வயலின் மேல் ஒரு கோள் வருகிறது. லேண்ட்சாட் படங்கள் 2008 முதல் விலையின்றிக் கிடைக்கின்றன. சென்டினல் படங்களும் அவ்வாறே. கால் ஏக்கர்க்காரனும் இன்று பத்துப் புள்ளிகளாகப் படத்தில் இருக்கிறான்.

எண்ணுகிறவர் மாறினால் எண்ணிக்கை எப்படி மாறும் என்பதற்கு ஒரு சான்று. இலங்கையில் தலைமையிடம் கொண்ட பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனம், கடந்த நூற்றாண்டின் இறுதி நிலவரத்தை வைத்து உலகப் பாசன நிலங்களைச் செயற்கைக்கோள் படங்கள் மூலம் வரைந்தது. அந்த ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் பிரசாத் தேன்கபாயில் என்னும் இந்திய அறிஞர். நாடுகளின் புள்ளிவிவரங்களைத் தொகுத்து வரைந்த மற்றொரு வரைபடம் சுமார் 28 கோடி ஹெக்டேர் என்றது. இவர்கள் கண்டதோ சுமார் 40 கோடி. அரசுக் கணக்குகள் பெரிய அணைகளையும் கால்வாய்களையும் நன்றாக எழுதிவைத்திருந்தன. கிணறும் குட்டையும் சிற்றேரியும் அவற்றில் சரிவர ஏறவில்லை என்பது ஒரு முக்கியக் காரணம். ஆனால் இதையும் அப்படியே வேதவாக்காகக் கொள்ளக் கூடாது. அந்த வரைபடத்தின் ஒரு புள்ளி 10 கிலோமீட்டர் சதுரம். அவ்வளவு பெரிய புள்ளிக்குள் பாசனம் எத்தனை பங்கு என்பதை மதிப்பிட்டுத்தான் சொல்ல முடியும். மதிப்பீடு கூடலாம், குறையலாம்.

இனி எங்கள் சொந்த அனுபவத்திற்கு வருகிறோம். இதில் பெருமையும் உண்டு, வெட்கமும் உண்டு.

எங்கள் ஊர் ஏரியின் கடைசி மதகுக்குக் கீழே, வாய்க்காலின் கோடியில், நம் மக்களின் நிலம் நாற்பது ஏக்கர் போல இருக்கிறது. பதிவேட்டில் அது நன்செய். அடங்கலில் ஆண்டுதோறும் சம்பா நெல் என்று எழுதப்பட்டு வந்தது. உண்மையில் நீர் அங்கே வருவது அபூர்வம். விளைந்ததாக ஏட்டில் இருக்கும்பொழுது, விளையவில்லை என்று போய் நிற்கிறவன் பேச்சு எந்த அலுவலகத்தில் எடுபடும்? வறட்சி நிவாரணம் கேட்டால் ஏட்டைக் காட்டினார்கள். வாய்க்காலைத் தூர் வாரக் கேட்டாலும் ஏட்டைத்தான் காட்டினார்கள்.

கல்லூரியில் புவியியல் படிக்கும் நம் இளைஞர்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டு, நாங்கள் ஒரு வரைபடம் செய்தோம். பிப்ரவரி மாதத்துப் படம் ஒன்றை எடுத்து, பச்சையாகத் தெரிந்ததைப் பாசனம் என்றும், மற்றதைத் தரிசு என்றும் நிறம் தீட்டி, புல எண்களை அதன்மேல் பொருத்தி, எடுத்துக்கொண்டு போனோம். அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். பிறகு கடைமடையில் ஓர் இடத்தைத் தொட்டு, "இங்கே பச்சையாகக் காட்டியிருக்கிறீர்களே, அப்படியென்றால் தண்ணீர் வந்திருக்கிறதே?" என்று கேட்டார். எங்களிடம் பதிலில்லை. ஊர் திரும்பி நேரே அந்த இடத்திற்குப் போய் நின்றோம். ஆள் உயரத்திற்குமேல் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. நீரில்லாமல் நம்மவர்கள் கைவிட்டுச் செங்கல் சூளைக்குப் போன நிலம். அங்கே முளைத்த முள்ளை நாங்களே செழித்த பயிர் என்று வரைந்து, நாங்களே அலுவலகத்திற்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம். அன்று ஊருக்குள் தலைநிமிர்ந்து நடக்க எங்களுக்குக் கூசியது.

பிழை படத்திலில்லை, எங்களிடம் இருந்தது. சீமைக்கருவேலம் மே மாதக் கோடையிலும் பச்சையாகவே நிற்கும். நெல்லோ ஏறி இறங்கும். ஒரு மாதப் படத்தில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். பன்னிரண்டு மாதப் படங்களில் இரண்டும் வெவ்வேறு. தென்னையும் சவுக்கும் இப்படியே ஏமாற்றும். இரண்டாம் முறை நாங்கள் ஏழு ஆண்டுகளின் படங்களை மாதவாரியாக எடுத்தோம். அத்துடன், இளமையில் நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு புலம் புலமாக நடந்தோம். அவருக்குக் கணினித் திரை பழக்கமில்லை. ஆனால் திரையில் நாங்கள் காட்டிய ஒரு சிவப்புத் திட்டைப் பார்த்தவுடன், "இது தண்ணீர் வராத இடமில்லை, களர், தண்ணீர் வந்தாலும் பயிர் ஏறாது" என்றார். மண்ணைக் கிளறிப் பார்த்தோம், உப்புப் பூத்திருந்தது. விஞ்ஞானிகள் களச் சரிபார்ப்பு என்று சொல்லி நூறு இடங்களுக்கு நடக்கிறார்களே, அந்த வேலையை அவர் ஐம்பது ஆண்டு செய்து முடித்திருந்தார்.

சரிபார்த்த வரைபடம் சொன்னது இதுதான்: தலைமடையில் ஏழு ஆண்டும் விளைச்சல். மழை பொய்த்த 2016-17இலும் கிணற்றுத் துணையால் அங்கே பாதி நிலம் பச்சை. நம் கடைமடையில், மழை மிகுந்த மூன்று ஆண்டுகள் மட்டுமே விளைச்சல். ஏட்டிலோ ஏழு ஆண்டும் நெல். இந்த முறை அதிகாரி வரைபடத்தைத் திருப்பித் தரவில்லை, கோப்பில் வைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அடங்கலில் நம் புலங்களுக்கு நேரே முதன்முதலாகத் "தரிசு" என்று எழுதப்பட்டது. தன் நிலம் தரிசு என்று எழுதப்பட்டதற்காக ஒரு சேரியே மகிழ்ந்தது என்றால் வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். வாய்க்கால் மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

கிணற்றைப் பற்றி இன்னொரு சொல். தமிழகத்தில் ஏரிப் பாசனம் 1960களிலிருந்து பாதிக்கும் கீழாகக் குறைந்துவிட்டது. இன்று பாசனப் பரப்பில் பாதிக்குமேல் கிணறுகளைச் சார்ந்தது. வேளாண் பம்புசெட்டுகளுக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். நல்ல திட்டந்தான், ஆனால் கிணறு இல்லாதவனுக்கு அதில் ஒரு சொட்டும் இல்லை. பிப்ரவரிப் படத்தில் தனித்தனித் திட்டாகத் தெரியும் பசுமையெல்லாம் ஆழ்துளைக் கிணறு போட முடிந்தவர்களின் பசுமை.

பஞ்சமி நிலத்திற்கும் இது பயன்படுமா என்று இளைஞர்கள் கேட்கிறீர்கள். செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் வழங்க ஆணையிட்டது. 12 இலட்சம் ஏக்கர் வழங்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. பத்தாண்டுவரை விற்கக் கூடாது, பின்னரும் நம் மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்நிலங்களை மீட்கச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபரில் இரு இளைஞர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தனர். அந்த நிலங்களில் பல புன்செய்யும் தரிசுமாகத் தரப்பட்டவை. எந்த ஆண்டில் அங்கே கிணறு வெட்டித் தோப்பு வளர்த்தார்கள், எந்த ஆண்டில் மனைகளாகப் பிரித்தார்கள் என்பதை 1970களிலிருந்து வரும் படங்கள் காட்டும். யார் செய்தார்கள் என்பதைக் காட்டா. கோளுக்குப் பட்டா படிக்கத் தெரியாது. அதற்குப் பழைய நிலவரித் திட்டப் பதிவேடும், பத்திரப் பதிவு வில்லங்கமும் வேண்டும். படத்தை மட்டும் நம்பி வழக்குக்குப் போகாதீர்கள். பதிவேட்டை முதலில் எடுங்கள், படத்தைத் துணைக்கு வையுங்கள்.

1927இல் மகாத் குளத்து நீரை அள்ளிய அண்ணல் அம்பேத்கர், 1942 முதல் 1946 வரை வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபொழுது நீர்ப்பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. இன்றைய மத்திய நீர் ஆணையத்தின் முன்னோடி அமைப்பு 1945இல் அவர் காலத்தில் தோன்றியது. நம் மேடைகளில் அவரை அரசியல் சட்டத்தோடு மட்டும் நிறுத்திவிடுகிறோம். நீரியலும் அவர் துறை என்பதை மாணவர்கள் அறிய வேண்டும்.

இதைக் கற்க என்ன வேண்டும்? க்யூ.ஜி.ஐ.எஸ். என்னும் மென்பொருள் விலையில்லாதது. இஸ்ரோவின் புவன் தளம் 2009 முதல் இருக்கிறது. டேராடூனிலுள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் கட்டணமில்லாமல் இணையவழி வகுப்புகள் நடத்துகிறது. கணக்கில் பள்ளி இறுதி அளவு தேர்ச்சியும், ஒரு கணினியும், வெயிலில் நடக்கக் கால்களும் போதும். சங்க நூலகத்திற்கு இரண்டு கணினிகள் வேண்டுமென்று இந்த மேடையிலேயே பொறுப்பாளர்களிடம் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் வரைபடத்தின் படி ஒன்றை நூலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம். முதலில் பிழையாக வரைந்ததையும் அதன் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறோம். வரும் தை மாதம் நடு மதகின் கீழுள்ள புலங்களை நடந்து பார்க்கப் போகிறோம். நீர்க்கட்டிப் பெரியவர், முழங்கால் வலி அனுமதித்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வர விரும்பும் மாணவர்கள் பெயரைச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கவும்.