கோயம்புத்தூரின் கைத்தொழில் வன்மை



ஒரு நகரம் கைத்தொழிலிற் சிறப்பதற்கு வேண்டுவன யாவை என்று பொருளியல் அறிந்தவரை வினவினால், இரும்பு அருகில் இருக்கவேண்டும், நிலக்கரி இருக்கவேண்டும், கப்பல் வந்து தங்கும் துறைமுகம் இருக்கவேண்டும் என்று விடை கூறுவர். தென்னிந்தியாவிலுள்ள கோயம்புத்தூருக்கு இவற்றுள் ஒன்றேனும் வாய்க்கவில்லை. வார்ப்பிரும்புக் கட்டியும் கரியும் நெடுந்தொலைவிலிருந்து புகைவண்டியில் வரவேண்டியிருந்தன. கடல் மலைக்கு அப்பால் இருக்கிறது. நகரை ஒட்டி ஓடும் நொய்யலாறு ஆண்டிற் பல மாதம் வறண்டு கிடப்பது. இருந்தும், 2011-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி சுற்றுப்புறங்களோடு சேர்த்து 21 இலட்சம் மக்களுக்கு மேல் வாழ்ந்த அந்நகர்ப் பகுதியில் நூற்பாலைகளும் வார்ப்புச்சாலைகளும் யந்திரப் பட்டறைகளும் ஆயிரக்கணக்கில் உள்ளன. இந்தியாவிற் செய்யப்படும் நீர்ப்பம்புகளுள் ஏறத்தாழப் பாதி அங்கே உருவாகின்றன என்று தொழில் வட்டாரத்தார் கணக்கிடுவர். இல்லாமை மலிந்த ஓர் ஊருக்கு இவ்வன்மை எங்கிருந்து வந்தது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தொடக்கம் பருத்தியிலே. அவ்வட்டாரத்தின் கரிசல்மண் பருத்திக்கு ஏற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே புகுந்த கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்தில் நன்கு விளைந்தது. பிற்காலத்தில் அப்பெயரிலேயே ஓர் ஆலையும் நகரில் எழுந்தது. மேற்கே மலைத்தொடர் விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வருவதால், நூற்கும்போது இழை எளிதில் அறுவதில்லை. 1888-ஆம் ஆண்டில் ரொபேட் ஸ்டேன்ஸ் என்பவர் முதலாவது நூற்பாலையை நிறுவினார். ஆயினும் அடுத்த நாற்பது ஆண்டுகளில் எழுந்த ஆலைகள் சிலவே. 1932-ஆம் ஆண்டில் நீலகிரியிலே பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியதும் நிலைமை மாறியது. மலையருவியின் விசை கம்பிவழியே சமவெளிக்கு இறங்கிவர, ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. ‘தென்னாட்டு மாஞ்செஸ்ரர்’ என்னும் பெயரும் ஒட்டிக்கொண்டது. அப்பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. மாஞ்செஸ்ரருக்குப் பருத்தி கடல்கடந்து வந்தது. கோவைக்கோ அது பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தது. அந்தத் தோட்டந்தான் நமது கதைக்கு முக்கியம்.

கொங்குநாட்டு உழவர்க்கு மழை குறைவு. கிணறே கதி. யாழ்ப்பாணத்திலே துலா மிதித்து நீர் இறைத்த காலத்தை நம் முதியோர் அறிவர். ஆனால் நம் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் அகழப்பட்டவை, நீரும் அதிக ஆழத்தில் இல்லை. கொங்குநாட்டிலோ கருங்கற்பாறையை வெடிவைத்துப் பிளந்து இறங்கவேண்டும். அவ்வளவு ஆழத்திலிருந்து, கவலை பூட்டிய எருதுகள் சரிவில் முன்னும் பின்னுமாக நாள்முழுதும் நடந்து தோற்சாலில் நீர் இறைத்தன. ஆலைக்கென வந்த மின்சாரம் வயலோரமும் சென்றபோது, எருதுக்குப் பதிலாகப் பம்பை வைக்கலாமே என்ற எண்ணம் உழவர்க்கு எழுந்தது இயல்பே.

இதிலும் ஒரு தடை இருந்தது. சாதாரணப் பம்பு ஏறத்தாழ 25 அடி ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சமாட்டாது. காற்றின் அழுத்தம் அதற்குமேல் துணைசெய்யாது. ஆகவே மோட்டாரையும் பம்பையும் கிணற்றினுள்ளேயே பாறைத்திட்டில் இறக்கிவைக்க வேண்டியிருந்தது. அங்கே ஈரம் மிகுதி. கிராமத்து மின்னழுத்தமோ அடிக்கடி தாழ்ந்துபோகும். அழுத்தம் தாழ்ந்தால் மோட்டார் அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும், செப்புச்சுருள் எரிந்துவிடும். எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு உழவர் கோவைக்கு வருவார். பட்டறைக்காரர் சுருளை அவிழ்த்துப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பார். இவ்வாறு நூறு மோட்டாரைப் பிரித்துப் பார்த்தவனுக்கு, அது ஏன் எரிகிறது என்பதும் எவ்வாறு சுற்றினால் எரியாது என்பதும் கைவந்த அறிவாகிவிடும். கோவையின் பம்புத் தொழில் பழுதுபார்த்தலின் வயிற்றிற் பிறந்தது என்றால் மிகையாகாது. வேறொன்றும் கூறவேண்டும். பம்பு பெருகப் பெருக நிலத்தடிநீர் தாழ்ந்தது. கிணறு போதாமல் பல நூறு அடிக்கு ஆழ்துளை இட்டனர். அதற்கெனத் தண்ணீருக்குள் மூழ்கியே ஓடும் பம்பு தேவையாயிற்று. நீர் கீழே போகப்போகத் தொழில் மேலே வந்தது. இதனை எண்ணி மகிழ்வதா வருந்துவதா என்பது எனக்கு விளங்குவதில்லை.

ஆலைகளும் இவ்வாறே தொழிலாளரைப் பழக்கின. முதலில் நூற்பு யந்திரங்கள் இங்கிலாந்திலிருந்து வந்தன. ஒரு பற்சக்கரம் ஒடிந்தால் மாற்றுறுப்புக் கப்பலேறி வர நெடுநாளாகும். இரண்டாம் உலகப்போரின்போது அவ்வழியும் இடருற்றது. ஒடிந்ததை ஊரிலேயே வார்த்துக் கடைந்து பொருத்தவேண்டியதாயிற்று. உறுப்புச் செய்யக் கற்றவர்கள் பின்னர் யந்திரத்தையே செய்தனர். 1962-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலட்சுமி மெஷின் வேர்க்ஸ், சுவிற்சர்லாந்தின் ரீற்றர் நிறுவனத்தோடு கூட்டுச்சேர்ந்து நூற்பு யந்திரங்களை உருவாக்கியது.

இங்கே ஜி. டி. நாயுடுவை நினையாதிருக்க முடியாது. 1893-ஆம் ஆண்டிற் கலங்கல் என்னும் சிற்றூரிற் பிறந்த அவர், பள்ளிப் படிப்பை இடையில் விட்டவர். உணவுச்சாலையிற் பணியாற்றிச் சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைப் பிரித்துப் பூட்டிக் கற்றார். 1920-ஆம் ஆண்டிற் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டினார். 1937-ஆம் ஆண்டில் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின்மோட்டாரைச் செய்தார். இந்தியாவில் உருவான முதல் மோட்டார் அதுவே என்பர். அவருடைய கல்விக் கொள்கை கடுமையானது. பொறியியலுக்கு நான்கு ஆண்டு வேண்டாம், பட்டறையில் நின்று கற்றாற் குறைந்த காலம் போதும் என்று வாதாடினார். அவர் கருத்து முழுதும் சரியென்று நான் கூறேன். ஆயினும் ஊரின் இயல்பு அதிலே தெரிகிறது. பீளமேட்டிலே சகோதரர் நால்வர் 1926-ஆம் ஆண்டிற் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாம் பங்கை அறத்துக்கு வைத்தனர். அதுவே பி. எஸ். ஜி. அறநிலையம். அதன் தொழிற்பட்டறையை ஒட்டியே 1951-ஆம் ஆண்டிற் பொறியியற் கல்லூரி எழுந்தது. அங்கே மாணவர் காலையிற் பாடம் கேட்ட கணக்கை மாலையிற் கடைசல் யந்திரத்தில் நின்று சரிபார்க்கலாம்.

இன்று கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர், குறிச்சி முதலிய இடங்களின் சந்துகளில் நடந்தால் ஒரு பம்பு எத்தனை கைமாறி உருவாகிறது என்பதைக் காணலாம். ஒருவர் மரத்தில் மாதிரி செதுக்குவார். இன்னொருவர் மணலில் அச்சுப்பதித்து இரும்பை வார்ப்பார். மூன்றாமவர் அதனைக் கடைவார். வேறொரு வீட்டுக் கூடத்தில் பெண்கள் செப்புச்சுருள் சுற்றுவர். பொருத்திச் சோதித்து வர்ணம் பூசுவது வேறிடத்தில். இரண்டு கடைசல் யந்திரம் வைத்திருக்கும் முதலாளி முன்பு ஏதேனும் ஆலையில் தொழிலாளியாக இருந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். கோவையின் மெய்யான வன்மை, தொழிலாளி ஒருவன் தன் கைத்திறனை முதலாக்கிப் பட்டறை வைக்கக்கூடிய இந்த ஏணியே என்பது என் துணிபு. 1955-ஆம் ஆண்டில் சபாபதி என்பவர் மின்விசையால் மாவரைக்கும் யந்திரத்தை உருவாக்கியதும் இத்தகைய சூழலிலேதான். ஊத்துக்குளிக் கல்லை வைத்துச் செய்யும் கோவைக் கிரைண்டருக்குப் பின்னாளிற் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைச் செய்தவருக்கு எத்தனை இல்லத்தரசியர் நன்றி கூறக் கடமைப்பட்டவர் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இவ்வன்மையின் விலையைத் தொழிலாளரே கொடுத்தனர். 1946-ஆம் ஆண்டு சனவரி 8-ஆம் நாள் சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டில் ஸ்டேன்ஸ் ஆலையருகே நடந்த துப்பாக்கிப் பிரயோகத்திலும் தொழிலாளர் பலர் இறந்தனர். அண்மைக் காலத்தில், அம்மேற்குப் பகுதியின் ஆலைகள் சிலவற்றில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் இருத்தி, முடிவில் ஒரு தொகை தருவதாக வேலைவாங்கிய ‘சுமங்கலித் திட்டம்’ கண்டனத்துக்கு உள்ளாயிற்று. அரசின் பொறுப்பிலிருந்த ஆலைகள் 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்துக் கொரோனா ஊரடங்கின்போது நின்றன. 2008-ஆம் ஆண்டு தொட்டுச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டு, சிறு பட்டறைகளின் முதுகெலும்பை முறித்தது. பெரிய ஆலை தனக்கென மின்னாக்கி வைத்துக்கொள்ளும். இரண்டு கடைசல் யந்திரக்காரர் என்செய்வார்? கூலிவேலைக்குப் பெரிய நிறுவனங்கள் தரும் விலை, இரும்பின் விலையோடும் மின்கட்டணத்தோடும் சேர்ந்து ஏறுவதில்லை என்பது அவர்களின் நெடுநாள் முறையீடு. கணினியால் இயங்கும் கடைசல் யந்திரத்தின் விலையோ, ஒரு தொழிலாளி சேமித்து வாங்கக்கூடியதாக இல்லை. ஏணியின் கீழ்ப்படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுவருகின்றன.

உள்ளூர் இளைஞர் வார்ப்புச்சாலைக்கு வருவது குறைந்துவிட்டது. பிகார், ஒடிசா முதலிய இடங்களிலிருந்து வந்தோரே உலையருகில் நிற்கின்றனர். ஒரு வார்ப்புச்சாலையில் நான் கண்ட காட்சி இது. முதியவர் ஒருவர் அச்சுமணலைக் கைநிறைய அள்ளி இறுகப் பிடித்து விரலை விரித்தார். கட்டியின்மேல் விரல்தடம் கலையாமல் இருந்தது. அதை நடுவில் ஒடித்தார். உதிராமல் இரண்டாக ஒடிந்தது. ஈரம் சரி என்பதற்கு அதுவே சோதனை. அருகில் நின்ற வடநாட்டு இளைஞனுக்குத் தமிழ் தெரியாது. முதியவருக்கு இந்தி தெரியாது. இளைஞன் அள்ளிப் பிடித்தான். முதற்கட்டி பொடிந்தது. முதியவர் சிறிது நீர் தெளித்தார். இரண்டாவது கையில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது சரியாக ஒடிந்தது. முதியவர் தலையசைத்துவிட்டு அச்சுப்பெட்டியின் பக்கம் திரும்பினார். அவருடைய பிள்ளைகள் இருவரும் இத்தொழிலுக்கு வரவில்லை என்று பின்னர் என்னிடம் கூறினார்.